நூறாவது பாட்டுக்கு எதிர்வாய்

புரட்டாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மில்லில் முதல் ஷிப்டுக்காரிகள் டீ குடிக்க வெளியே வந்து, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பீரியடு மணி அடித்து முடித்த நேரத்தில், எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் மருதவனத்தார் கோயிலின் வடக்குச் சுவரில் ஜோதியாய்க் கலந்துவிட்டதாக நாங்கள் எல்லோரும் மூன்றாம் வகுப்பிலேயே படித்து மனப்பாடம் செய்திருந்த பொன்னாலி, அதே சுவரிலிருந்து தலையெல்லாம் சுண்ணாம்போடு வெளியே வந்து, பிராகாரம் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ராக்கம்மாள் தன் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இப்போதுதான் கூட்டியிருக்கிறேன், சித்தெ அக்கட்டால போய் நின்று தலையை உதறம்மா என்றும் சொன்னாள். சொன்னபடியே பொன்னாலி நாலு எட்டு தள்ளிப் போய் உதறினாள்.

பொன்னாலியைத் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பூவாணிக்கரை அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரில் நூற்பாலை, பெண்கள் கல்லூரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் அவள் பெயர்தான். அவள் பாடியது தொண்ணூற்றொன்பது பாட்டு. நூறாவதைப் பாட வாயெடுத்தபோது சொல்லுக்கு அடங்காத பேரின்பம் வந்து அவளை எடுத்துக்கொண்டது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் அந்த வடக்குச் சுவருக்கு முன்னால் ஓதுவார் நின்று தொண்ணூற்றொன்பதையும் பாடுவார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கடைசி அடியை ஊர்ப் பெண்கள் திருப்பிச் சொல்லவேண்டும். அதற்கு எங்கள் ஊரில் எதிர்வாய் என்று பெயர். எதிர்வாய் வராத பாட்டு பாடினதாகக் கணக்கில்லை. அது வரும்வரை பாடியவர் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. நான் வயதுக்கு வந்த வருடம் கொட்டிய மழையில் நாங்கள் எல்லோரும் கோபுர வாசலுக்கு ஓடிவிட, அப்போதிருந்த ஓதுவார் நாற்பத்தோராம் பாட்டில் மூன்று மணி நேரம் நனைந்துகொண்டே நின்றார். ஒன்றுக்குக்கூடப் போகவில்லை, பாவம்.

தொண்ணூற்றொன்பதும் முடிந்ததும் ஓதுவார் மஞ்சள் துணியால் தன் வாயைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஒரு பாட்டு பாடுகிற நேரத்துக்கு ஊரே மூச்சுக் காட்டாது. மில்லை நிறுத்திவிடுவார்கள், பஸ் பாலத்தடியிலேயே நிற்கும், தொட்டில் குழந்தைக்கு வாயில் சர்க்கரை வைத்துவிடுவோம். இதுதான் மௌனப்பாட்டு. அந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் அவரவர் மனசுக்குள் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம், சுவருக்குள் இருப்பவள் பார்த்துக்கொள்வாள் என்பது வழக்கம். நடந்ததா என்று யாரும் யாரையும் கேட்கமாட்டோம். அடுத்த வருடமும் போய் நிற்போம்.

ஆக, அவள் வந்ததில் எங்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிறாள் என்று அத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், வெளியே வந்தால் ஆச்சரியப்படலாமா. வேலைதான் நிறைய இருந்தது. கோயில் அதிகாரி இவளைச் சிலைகள் பட்டியலில் சேர்ப்பதா, பணியாளர் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கட்டில் போட்டு, மின்விசிறி மாட்டி வைத்தார்கள். அந்த மின்விசிறியைப் பார்த்துத்தான் அவள் முதல்தடவையாகச் சிரித்தாள்.

அவளால் அதிகம் நொந்துபோனவர் வித்துவான் செங்கோடனார். தொண்ணூற்றொன்பது பாட்டுக்கும் உரை எழுதியவர், எழுபத்து நாலு வயது, அவள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குகிறவர். அவர் பட்டு அங்கவஸ்திரத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்து, அவள் பாட்டிலிருந்தே நாலு அடியைச் சொல்லி வணங்கி நிற்க, அவள், உட்காருங்க, வேர்த்துக் கொட்டுது என்றாள். பருத்திக் காட்டில் களை எடுக்கிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள், ஒன்றிரண்டு சொல்தான் பழசாக இருந்தது. ஆளும் குள்ளம், மாநிறத்துக்கும் கீழே, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, வயது ஐம்பதுக்குக் குறையாது. பஸ் ஸ்டாண்டு முக்கில் இருக்கும் அவள் சிலைக்கோ பதினாறு வயது, கையில் தாமரை மொட்டு. சுவருக்குள் இருந்து வயதாகிவிட்டது என்று வித்துவான் எங்களுக்குச் சமாதானம் சொன்னார். இல்லை, உள்ளே போகும்போதே இந்த வயசுதான், பேரன் எடுத்திருந்தேன் என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

அவள் பெயரால் எண்ணூறு வருடத்தில் என்னென்ன நடந்திருந்ததோ அத்தனையையும் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஊர் ஒரே முடிவாக இருந்தது. முதலில் நாட்டியப் பள்ளிப் பிள்ளைகள் 'ஜோதியில் கலந்தாள்' ஆடினார்கள். கடைசிக் காட்சியில் ஒரு பெண் கண்ணைச் செருகி விழுந்தபோது பொன்னாலி பதறி எழுந்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு ஓவியர் ஒருவர் அவளை வெறும் நீல வெளிச்சமாக வரைந்த பதினெட்டு அடிப் படத்தை லாரியில் கொண்டுவந்து காட்டினார். அவள் பாட்டைப் பார்த்து எழுதிய சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள், அவளைக் கதாநாயகியாக வைத்து எழுதிய ஏழு நாவல்களையும் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு மூன்று நாள் கருத்தரங்கம் நடந்தது. அவளுக்குப் பின்வந்த இலக்கியத்திலும் கலையிலும் அவளுடைய தாக்கம் பற்றி நாற்பத்திரண்டு பேர் கட்டுரை படித்தார்கள். முதல் வரிசையில் பொன்னாடை போர்த்தி அவளை உட்கார வைத்திருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்தில் இருந்த தங்கரத்தினத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இவிங்க எல்லாம் ஆரப் பத்தி அம்மிணி பேசறாங்க?"

தங்கரத்தினம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், நாற்பது வயது, வித்துவானின் மருமகள். மௌனப்பாட்டைப் பற்றித்தான் மாமனார் காட்டிய வழியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். பெண் துணை வேண்டும் என்பதால் பொன்னாலியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு வந்தது. ஒருகாலத்தில் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தாள். கேஸ் அடுப்பைப் பற்றி எழுதினாள், பல்வலியைப் பற்றி எழுதினாள், கல்லூரிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததைப் பற்றி எழுதினாள். அனுப்பிய பத்தொன்பதும், பொன்னாலியின் சாயல் அருமையாக வந்திருக்கிறது என்ற பாராட்டோடு திரும்பி வந்தன. ஒரு பத்திரிகைக்காரர் மட்டும், மூலம் இருக்கும்போது நகல் எதற்கு என்று உண்மையைச் சொல்லி எழுதினார். அதற்குப் பிறகு அவள் மளிகைச் சாமான் பட்டியல் தவிர வேறொன்றும் எழுதியதில்லை.

கருத்தரங்கம் முடிந்த மறுநாள் பொன்னாலி பொன்னாடையை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நான் கிளம்பறேன் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயாவது, ஆத்துக்கு அந்தாண்டை போயே வெகுநாளாச்சு என்றாள். தங்கரத்தினமே தாராபுரம் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பஸ் பாலத்தைத் தாண்டியது. தாண்டிய அந்த நிமிஷம் கண்டக்டர் திரும்பிப் பார்க்க, சீட்டில் அவளுடைய டிக்கெட் மட்டும் கிடந்தது. இங்கே வடக்குச் சுவரிலிருந்து தலையெல்லாம் சுண்ணாம்போடு அவள் மறுபடி வெளியே வந்தாள். ராக்கம்மாள் மறுபடி கூட்டினாள்.

கரூர் பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள், வெள்ளாடு மேய்க்கிறவர்களோடு நடந்து பார்த்தாள், ஆற்றில் இறங்கி நீந்திக்கூடப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஊர் எல்லை வரைக்கும் ஆள் இருப்பாள், அதற்கு அந்தப் பக்கம் இருக்கமாட்டாள். ஏழாவது தடவைக்குப் பிறகு கண்டக்டர்கள் அவளுக்கு டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். ஓவியர் வரைந்த நீல வெளிச்சம் லாரியில் ஏறி மெட்ராஸ் போனது, அங்கிருந்து பாரீசுக்கும் போயிற்று. இவளால் ஊர் எல்லைக்கு வெளியே அரை மைல் தள்ளியிருந்த சந்தைக்குப் போய் ஒரு படி கொள்ளு வாங்கிவர முடியவில்லை. மாலையில் கல்லூரி மொட்டைமாடியில் நின்று பஸ்கள் பாலம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் அதையும் போட்டோ எடுத்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காரணம் என்ன என்று எங்களில் ஒருத்திக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாட ஆரம்பித்த பாட்டுக்கு எதிர்வாய் வரவில்லை. வரும்வரை நின்ற இடம் விட்டு நகர முடியாது. ஓதுவாருக்கு மூன்று மணி நேரம் என்றால் இவளுக்கு எண்ணூறு வருடம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நூறாவதைச் சொல்லட்டும், நாலு பேர் திருப்பிச் சொல்லிவிட்டால் போய்விடப் போகிறாள் என்று மில்லில் பேசிக்கொண்டோம். பேச்சு வித்துவான் வரைக்கும் போனது.

வித்துவான் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். கோபப்படவில்லை, அவருக்குக் கோபம் வராது, அழுகைதான் வரும். நூறாவது பாட்டு என்பது அந்த மௌனம்தான், அதைவிடப் பெரிய பாட்டை எந்த மொழியிலும் யாரும் பாடியதில்லை, உலகமே அதற்குத்தான் நம்மூரைத் தேடி வருகிறது, இனிமேல் ஒரு பாட்டை யார் கொண்டுவந்து வைத்தாலும் அது இடைச்செருகல் என்றார். அம்மையே பாடினாலுமா என்று யாரோ கேட்டார்கள். அம்மையே பாடினாலும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கரத்தினம் ஆராய்ச்சி எழுதியவள் என்ற முறையில் மாமனார் சொன்னதை ஆமோதித்து ஒரு பக்கம் படித்தாள். படிக்கும்போது அவள் ஒருதடவைகூட நிமிரவில்லை.

ஆனால் ஆண்கள் வேண்டாம் என்றதற்கு நாங்கள் அப்படியே கட்டுப்பட்டோம் என்று நினைக்கவேண்டாம். எங்களுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்தது. அதை வெளியே சொன்னவள் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற பழனாத்தாள். அவளுடைய ஒரே மகன் வேலைக்குப் போன வளைகுடா நாட்டில் ஏதோ வழக்கில் மாட்டி ஆறு வருடமாக ஜெயிலில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நூலகத்துப் பின்னறைக்குப் போனாள். பொன்னாலி கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், தங்கரத்தினம் கீழே உட்கார்ந்திருந்தாள். பழனாத்தாள் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"ஆத்தா, வருசம் முச்சூடும் எங்க பேச்சக் கேக்கறதுக்கு ஆளில்ல. அந்த ஒரு பாட்டு நேரந்தான் எங்களுக்குன்னு இருக்குது. அதுலயும் நீ பாடிப்போட்டயின்னா, நாங்க எங்க போயிச் சொல்றது?"

பொன்னாலி கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். பழனாத்தாளைப் பார்த்துச் சொன்னாள்.

"உன்ற பையன் பேரு மயில்ராசு. மொத வருசம் அவன உட்டுப்போடோணும்னு கேட்ட. நாலாம் வருசம், உடாட்டிப் போகுது, அடிக்காம இருக்கட்டும்னு கேட்ட. போன வருசம் ஒரு போனாச்சும் பேசோணும்னு கேட்ட. அத்தனையும் கேட்டுட்டுத்தான் கண்ணு இருந்தேன். காது மட்டுந்தான் இருந்துது. கை இல்ல."

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன், ஏனென்றால் நானும் இருபத்தியாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். அது என்ன என்று என் புருஷனுக்குத் தெரியாது, உங்களுக்கும் சொல்லமாட்டேன். பொன்னாலி யாரையும் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சுவருக்குள் வெளிச்சமே கிடையாது, இருட்டு, சுண்ணாம்பு நாற்றம். வருடத்துக்கு ஒருநாள் நூற்றுக்கணக்கான பொம்பளைகள் மனசுக்குள் கேட்பது அவள் காதுக்குள் வந்து விழும். ஒன்றும் வெளியே போகாது. நெல்லுக் குதிருக்குள் மேலே மேலே கொட்டிக்கொண்டே இருப்பதைப் போல எண்ணூறு வருடம். இதற்குமேல் இடம் இல்லை என்று ஆனதும் சுவர் விரிந்துவிட்டது, வந்துவிட்டாள்.

தங்கரத்தினம் அப்போதுதான் தன் ஆராய்ச்சியில் இருநூற்றெண்பது பக்கம் சுற்றி வந்த கேள்வியைக் கேட்டாள். அந்த நூறாவது பாட்டு என்ன. பொன்னாலி தலையை ஆட்டினாள். தெரியாது என்றாள். மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டது. பாட வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. எதிர்வாய் சொல்ல வந்திருந்த பெண்களின் முகம் நினைவிருக்கிறது. முதல் சொல் வெளியே வந்தவுடன் பின்னாலிருந்து ஒரு கை வந்து வாயைப் பொத்தியது, அந்தக் கையில் சந்தன வாசம், அதுவும் நினைவிருக்கிறது. பிறகு செங்கல் வைத்தார்கள். பாட்டு மட்டும் மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் அடியில் போய் நசுங்கிவிட்டது.

பேரின்பம் என்று எழுதி டாக்டர் பட்டம் வாங்கிய தங்கரத்தினம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். பழனாத்தாள்தான் கடைசியில் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டுப் பேசினாள்.

"அப்படீன்னா எங்களோடதயே பாடிப்போடு ஆத்தா. பேரு மட்டும் சொல்லீராத."

தைப்பூசத்துக்கு மறுநாள் எப்போதையும்விடக் கூட்டம். வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாலிக்கு வெல்வெட் நாற்காலி போட்டு, பக்கத்தில் தங்கரத்தினத்தை நிறுத்தி, அம்மை மௌனத்துக்குத் தலைமை தாங்குவார் என்று வித்துவான் ஒலிபெருக்கியில் அறிவித்தார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, பதினொன்றரைக்குத் தொண்ணூற்றொன்பதாம் பாட்டும் அதன் எதிர்வாயும் முடிந்தது. ஓதுவார் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பினார். மில் நின்றது, பஸ் நின்றது. பொன்னாலி எழுந்து நின்றாள்.

"படைக்குப் போனவரு திரும்பி வரோணும்," என்றாள்.

பாட்டு மாதிரியே இல்லை, ஆள் கூப்பிடுகிற குரல்தான். ஆனால் அடி ஒன்று முடிந்து நின்றது, நின்றதும் எங்கள் வாய் தானாகத் திறந்துவிட்டது. தாய்ப்பாலோடு வந்த பழக்கம், ஒருத்தர் நிறுத்தினால் எங்களால் சும்மா இருக்க முடியாது. படைக்குப் போனவரு திரும்பி வரோணும் என்று ஆயிரம் பெண்கள் சொல்லி முடித்த பிறகுதான் மௌனத்தைக் கெடுத்துவிட்டோம் என்பதே எங்களுக்கு உறைத்தது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். எனக்கு எழுத்துத் தெரியோணும். இந்தப் பஞ்சத்துல எனக்கு முன்னால எங்கொழந்த போயிரோணும், அது தனியா நிக்கக் கூடாது. மாமியா சாகோணும். ஒருநாளாச்சும் வெயிலேர்ற மட்டும் தூங்கோணும். அடிச்ச கை அழுகிப் போகோணும். பக்கத்து வீட்டுக்காரரு ஒருக்கா திரும்பிப் பாக்கோணும். இதாச்சும் பொட்டப்புள்ளயா இல்லாம இருக்கோணும். இது பொட்டப்புள்ளயாவே இருக்கட்டும், ஆனா உசுரோட உடோணும்.

ஒவ்வொன்றுக்கும் எதிர்வாய் சொன்னோம். எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னதால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார்களும் மாமியா சாகோணும் என்றார்கள். என்ற பையன் செயில்ல இருந்து ஒரு போன் பேசோணும் என்று வந்தபோது, அதைச் சொல்லி முடிக்கிற அந்த ஒரு மூச்சுக்கு எங்கள் எல்லோருக்கும் ஜெயிலில் ஒரு மகன் இருந்தான். என்னுடையதும் வந்தது. ஆயிரம் வாய் அதைச் சொல்லக் கேட்டேன், நானும் சொன்னேன். அவ்வளவு லேசான விஷயமா அது என்று இருந்தது.

வித்துவான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு கெஞ்சினார், மௌனம், மௌனம் என்று ஒலிபெருக்கியில் கத்தினார். பிறகு மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாலு தவில், ஆறு நாதஸ்வரம், கோயில் மணி, கேரளத்திலிருந்து வந்திருந்த செண்டைக்காரர்கள், எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. எண்ணூறு வருடம் காப்பாற்றிய மௌனத்தைக் காப்பாற்ற அந்த மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. பின்வரிசைக்காரிகளுக்குப் பொன்னாலியின் குரல் கேட்கவில்லை, முன்வரிசை சொன்னதை வாங்கி அடுத்த வரிசை சொன்னது, அதை வாங்கி அதற்கடுத்தது. அப்படியும் சொன்னோம். கடைசியாக ஒன்று வந்தது. பொன்னாலி யாரையும் பார்க்காமல் சொன்னாள், மேளத்தில் அது எங்கள் ஒருத்திக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற தங்கரத்தினத்துக்கு மட்டும் கேட்டது.

தங்கரத்தினம் வாயைத் திறக்கவில்லை.

பொன்னாலி நின்றாள். எதிர்வாய் வராமல் அவளால் நகர முடியாது. மேளக்காரர்கள் அடித்தார்கள், அடித்தார்கள், மனுஷக் கைதானே, கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். கடைசியில் மணியும் நின்றது. இப்போது நிஜமான மௌனம் வந்தது, நாங்கள் வருடாவருடம் நிற்பதைவிடப் பெரிய மௌனம். அந்த மௌனத்தில் ஊரே தங்கரத்தினத்தைப் பார்த்தது. அவள் வாய் மூடியிருந்ததாலேயே அது யாருடைய ஆசை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மற்றது எல்லாம் யாருடையதும் இல்லாமல் போயிற்று, இது ஒன்று மட்டும் ஆளோடு நின்றது. எதிரே மாமனார் நின்றார். மாமனாருக்குப் பின்னால் அவள் புருஷன் குமரகுரு, அவள் ஆராய்ச்சியைத் தன் அச்சகத்தில் ஏழு பதிப்புப் போட்டவன், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். பொன்னாலி திரும்பி அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது, எத்தனை நாளானாலும் நிற்கப் பழகியவளின் பார்வை.

"நான் இந்த ஊர உட்டுப் போகோணும்," என்றாள் தங்கரத்தினம்.

அவள் சொன்ன பிறகு நாங்களும் சொல்லியிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ தானாகத் திறந்த எங்கள் வாய் அதற்குத் திறக்கவில்லை. ஆயிரம் பேரில் ஒருத்திகூடச் சொல்லவில்லை. அது யாருடையது என்று தெரிந்துவிட்டது அல்லவா. அதைச் சொன்னால் நமக்கும் அந்த எண்ணம் இருப்பதாகப் பக்கத்தில் நிற்கிறவள் நினைத்துக்கொள்வாளே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பொன்னாலிக்கு அந்த ஒரு வாய் போதுமாக இருந்தது. தங்கரத்தினத்தின் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள், பாலத்தடியில் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பஸ் பாலத்தைத் தாண்டியது. ராக்கம்மாள் விளக்குமாற்றோடு வடக்குச் சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் காத்திருந்தாள். சுவரிலிருந்து யாரும் வரவில்லை. தாராபுரத்தில் இறங்கி, ஒரு இளநீர் குடித்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போனதாகக் கண்டக்டர் சொன்னார்.

மாசி முடிவதற்குள் புத்தகத்தில் மாற்றம் செய்துவிட்டார்கள். அம்மை தன் மக்களுக்கு ஒருமுறை காட்சி கொடுத்து, மௌனத்தின் பெருமையைத் தன் திருவாயால் உணர்த்தி, மறுபடியும் அதே சுவரில் ஜோதியாய்க் கலந்தார் என்று வித்துவான் எழுதினார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அதையே சொல்லித் தன் ஆராய்ச்சி நூலின் எட்டாம் பதிப்புக்குத் தங்கரத்தினம் முன்னுரை எழுதினாள், அல்லது அவள் பெயர் அதன் கீழே இருந்தது. அவள் எங்கும் போகவில்லை. சொன்னவுடன் பஸ் ஏறிவிட அவளென்ன சுவரிலிருந்து வந்தவளா. திங்கட்கிழமை காலை எப்போதும்போல வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லையாம். சாவிக்கொத்து மட்டும் மாமனாரின் இடுப்புக்குப் போய்விட்டதாகவும், கல்லூரிக்கும் வீட்டுக்கும் குமரகுருவே காரில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போவதாகவும் கேள்விப்பட்டோம். காரின் பின்சீட்டில் அவள் பாலத்தைக் கடக்காமல் ஊருக்குள்ளேயே போய்வருவதை மில் வாசலில் நின்று பார்ப்போம்.

அடுத்த தை வந்தது. தொண்ணூற்றொன்பது பாட்டும் எதிர்வாயும் முறையாக நடந்தன. இந்தத் தடவை மேளக்காரர்களை முன்வரிசையிலேயே தயாராக நிறுத்தியிருந்தார்கள். ஓதுவார் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பினார். ஊர் அடங்கியது. மனசுக்குள் கேட்க ஆரம்பித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். உள்ளே யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். கேட்பதற்கு ஆளில்லாத அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழனாத்தாளின் உதடு அசைந்து அப்படியே நின்றுவிட்டது.

மாமனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்ற தங்கரத்தினம் சுவரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னும் போகல," என்றாள்.

வித்துவானின் கை மேளக்காரர்கள் பக்கம் உயர்ந்தது. அது உயர்ந்து முடிவதற்குள், யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது, நானாகக்கூட இருக்கலாம், மில்லுக்காரிகளும் காட்டுக்காரிகளும் மாமியார்களும் மருமகள்களும், பின்வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்களும், குப்பைக் கூடையோடு நின்ற ராக்கம்மாளும் வாயைத் திறந்து எதிர்வாய் சொன்னோம்.

"நான் இன்னும் போகல."